பொலிவியாவுக்கு இரண்டு மஞ்சள் புத்தகங்கள்

பொலிவியாவுக்குப் போகிறவரின் கடவுச்சீட்டு, அந்த நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். என்னுடையதில் ஏழு மாதமும் பத்தொன்பது நாளும் இருந்தன. விரல் விட்டு எண்ணினேன். பிறகு நாட்காட்டியில் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன். இரண்டு கணக்கும் ஒத்துவந்த பிறகும் மனம் ஆறவில்லை.

மகள் அங்கே சாந்தா குரூஸ் நகரத்தில் இருக்கிறாள். தண்ணீர்த் திட்டமொன்றில் பொறியியலாளர். ஒரு வருட வேலைக்கென்று போனவள், அந்நாட்டுக்காரர் ஒருவரை மணந்து அங்கேயே தங்கிவிட்டாள். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். முதல் பிள்ளை. போயே ஆகவேண்டும் என்று மனைவி நின்றாள். மூன்று விமான நிலையங்களைத் தனியாகக் கடக்க அவளுக்குப் பயமில்லை. அவளைத் தனியே அனுப்ப எனக்குப் பயம். சுவிசில் எம்மன்புரூக்கே வீட்டில் ஐந்து கிழமை தனியே இருக்கவும் பயம். ஆகவே நானும் போவதென்று முடிவாயிற்று.

மகள் வாட்ஸ்அப்பில் பதினான்கு விஷயங்கள் எழுதி அனுப்பியிருந்தாள். நான் அவற்றுக்கு இலக்கம் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். சுவிஸ் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை. குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. லா பாஸ் பக்கம் வரவேண்டாம். அந்த விமான நிலையம் நாலாயிரம் மீற்றருக்கு மேலே, மூச்சு முட்டும். சாந்தா குரூஸ் தாழ்ந்த நிலம், உயரத்தில் ஏறக்குறைய எம்மன்புரூக்கே அளவுதான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் பிலாத்துஸ் மலையை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தரம் அடுக்கினால் லா பாஸ் வரும் என்று கணக்குப் பார்த்தேன். அங்கே போகப்போவதில்லை என்று தெரிந்தும் நெஞ்சு அடைத்தது. ஒன்பதாவது இலக்கம்: மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, அதைப் பதிந்த மஞ்சள் புத்தகத்தைக் கையில் வைத்திருங்கள், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும்.

அந்த ஒன்பதாவதால்தான் இவ்வளவும் நடந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் என் பெயரையோ முழுத் திகதியையோ எழுதமாட்டேன். கடவுச்சீட்டில் உள்ள வயது என்னுடையதல்ல. நாற்பது வருடங்களுக்கு முன் நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு முப்பத்துமூன்று. கூட்டிவந்த ஏஜென்ட், "முப்பது தாண்டினவை எண்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். இருபத்தொன்பது எண்டு சொல்லும்" என்றான். நாளையும் மாதத்தையும் விட்டுவிட்டு, வருடத்தின் கடைசி இலக்கமான ஒன்றை மட்டும் ஐந்தாக்கிச் சொன்னேன். அகதி விண்ணப்பத்தில் அது ஏறியது. அதைப் பார்த்து இங்கே தங்குவதற்கான பி அனுமதி, அதைப் பார்த்துச் சி அனுமதி, அதைப் பார்த்துச் சிவப்புக் கடவுச்சீட்டு. ஓய்வூதியம் வரையில் பதினொரு பத்திரங்களில் அந்த ஐந்து இருக்கிறது. சாதகம் பார்த்துக் கட்டியவள் என்பதால் மனைவிக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. யாராவது ஒருநாள் இரண்டு திகதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கடவுச்சீட்டைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் இந்த நாற்பது வருடத்தில் ஒருநாள்கூட என்னை விட்டுப் போனதில்லை. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறதென்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், ஏன் கேட்கிறீர் என்று கேட்பார்கள்.

லுசேர்னில் பயணிகளுக்கு ஊசி போடும் டாக்டர் ஒருவரின் பிரக்சிஸ் ஒன்றுக்குப் போனோம். வாசலிலிருந்து மேசை வரை பதினாறு அடி. ஒரு படிவமும் ஒரு துண்டுப்பிரசுரமும் தந்தார்கள். இந்த ஊசி உயிருள்ள கிருமியால் செய்தது. அறுபது தாண்டியவர்களுக்கு அரிதாகக் கடும் விளைவு வரலாம். எழுபது தாண்டியவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. மூன்று தரம் வாசித்தேன். கடவுச்சீட்டில் எனக்கு அறுபத்தொன்பது. உடம்புக்கு எழுபத்துமூன்று. அந்த எழுபது இரண்டுக்கும் இடையில் நின்றது. பொய் சொல்லி ஊசி போட்டுச் செத்துப்போனால் என்ன செய்வது? படிவத்தில் உண்மையான வருடத்தை எழுதினேன். நாற்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஐந்து போட்டுப் பழகிய கைக்கு ஒன்று போடுவது புதிதாக இருந்தது.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், பழைய நோய்களைக் கேட்டார், யோசித்தார், போடலாம் என்றார். பயண ஊசிக்குக் காப்புறுதி அட்டை தேவையில்லை என்பதால் வேறு பத்திரம் எதையும் யாரும் கேட்கவில்லை, படிவத்தைப் பார்த்தே மஞ்சள் புத்தகத்தை எழுதித் தந்தார்கள். பத்து நாளைக்குக் காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். காலையும் மாலையும் அளந்து எழுதினேன். முதல் நாள் 36.8. இரண்டாம் நாள் 37.1.

மூன்றாம் நாள் பத்திரங்களை மேசையில் வரிசையாக வைத்துச் சரிபார்த்தேன். கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் புத்தகம் விரிந்து கிடந்தது. கடவுச்சீட்டில் ஐந்து. மஞ்சள் புத்தகத்தில் ஒன்று. நாற்பது வருடமாக நான் பயந்த காட்சி என் வீட்டு மேசையிலேயே இருந்தது. வைத்தவன் நான்தான்.

மனைவியைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டு இரண்டையும் பார்த்தாள்.

"நாப்பது வருஷம் பொலிசுக்குச் சொல்லேல்லை, வேலை தந்தவைக்குச் சொல்லேல்லை, பெத்த பிள்ளைக்கும் சொல்லேல்லை. ஊசிக்காரியைக் கண்ட உடனை உண்மை பேசத் தொடங்கிட்டியளோ?"

"செத்துப்போனால்?"

"இப்ப சாகேல்லைத்தானே. பிள்ளைக்கு இன்னும் நாலு கிழமை கிடக்கு. உங்களை அங்கை எயார்போட்டிலை மறிச்சால் நான் உங்களைப் பாக்கிறதோ, அவளைப் பாக்கிறதோ?"

அதுதான் என் பயமும். மறித்தால் சுவிசுக்கு அறிவிப்பார்கள். அறிவித்தால் கேள்வி வரும்.

சோலோதுர்னில் இருக்கும் நண்பனுக்குப் போன் எடுத்தேன். ஒன்றாக எல்லை தாண்டியவன், என்னைவிட இளையவன், சமையல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன்.

"அண்ணை, உதுக்கே அழுறியள்? ஒண்டை அஞ்சாக்கிறது பெரிய வேலையோ? மேலை ஒரு கோடு, கீழை ஒரு வயிறு. முடிஞ்சுது."

"கள்ள வேலை அது."

"அப்ப இவ்வளவு காலமும் செய்தது என்ன, கோயில் வேலையோ?" என்று சிரித்தான்.

கறுப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். தாளில் ஏழு தரம் எழுதிப் பழகினேன். எட்டாவது தரம் எழுதவில்லை. மூடிவைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு திரும்ப பிரக்சிஸ் போனேன். அன்று காலை 37.4. புத்தகத்தில் பிழை விழுந்துவிட்டது, கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதித் தரவேண்டும் என்று உதவியாளப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என் படிவத்தை எடுத்து முன்னால் வைத்தாள். என் கையெழுத்து. சொந்தப் பிறந்த திகதியை எப்படிப் பிழையாக எழுதினீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டாள். வயது போய்விட்டது என்றேன். அவள் உள்ளே போய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

டாக்டர் இரண்டையும் பார்த்தார். காய்ச்சல் உண்டா என்று கேட்டார். 37.4 என்றேன். அது பரவாயில்லை என்றார். பிறகு கேட்டார்: "எது சரி?"

சுவரில் மணிக்கூடு இருந்தது. நொடிமுள் பதினொரு தரம் நகர்ந்தது. இந்தக் கேள்வியை ஒரு பொலிஸ்காரர் கேட்பார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் கேட்பார் என்று நினைத்ததேயில்லை.

மனைவி தன் ஜெர்மனில் சொன்னாள்: "கடவுச்சீட்டுக்கு அறுபத்தொன்பது. காய்ச்சலுக்கு எழுபத்துமூன்று."

டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புதிய மஞ்சள் புத்தகம் ஒன்றை எடுத்து, கடவுச்சீட்டைப் பார்த்து எழுதி, முத்திரை குத்தினார். "காய்ச்சல் முப்பத்தெட்டுக்கு மேலே போனால் உடனே போன் எடுங்கள், எழுபத்துமூன்று வயதுக்காரராக" என்றார். பழையதை என் கையிலேயே தந்து, வீட்டில் கிழித்துவிடுங்கள் என்றார்.

கிழிக்கத்தான் எடுத்தேன். நடுவில் பிடித்தும்விட்டேன். பிறகு, புதியதில் ஏதும் பிழை கண்டால் பழையது உதவுமே என்று ஒரு யோசனை வந்தது. மடித்துத் தோள்பையின் பின்னறைக்குள் வைத்தேன். மனைவிக்குச் சொல்லவில்லை. பத்தாம் நாள் 36.7. பதினெட்டாம் நாள் சூரிச்சில் விமானம் ஏறினோம்.

மட்ரிட் விமான நிலையத்தில் காத்திருந்தபோதுதான் பின்னறைக்குள் இருப்பது நினைவில் எழும்பி நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. எதிரே மூன்று குப்பைத்தொட்டிகள். மேலே இரண்டு கமரா. ஒரு கிழவன் பத்திரம் கிழித்துப் போடுவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நாலு தரம் எழுந்தேன், நாலு தரமும் திரும்ப உட்கார்ந்தேன்.

"சலம் வருதோ?" என்றாள் மனைவி, கழிப்பறைப் பக்கம் கைகாட்டி.

"இல்லை."

"அப்ப என்னத்துக்கு உந்த நடை?"

அங்கிருந்து பன்னிரண்டு மணி நேரம் பறந்தோம். விடியும் நேரம் சாந்தா குரூசில் இறங்கினோம். குடிவரவு மேசையில் இருந்த இளைஞர் கடவுச்சீட்டைப் பார்த்தார், புதிய மஞ்சள் புத்தகத்தைப் புரட்டினார், முப்பது நாளுக்கு முத்திரை குத்தினார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மேல் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் வயிற்றில் கைவைத்தபடி மகள் நின்றாள். இடையில் சுங்கம் மட்டும்தான். இருபத்திரண்டு அடி இருக்கும்.

சுங்கத்தில் மனைவியின் பெட்டியைத் திறந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூள் ஆறு பைக்கற். பச்சையாக எந்தச் சாப்பாடும் விதையும் கொண்டுவர வேண்டாம் என்று மகள் பதினோராவதாக எழுதியிருந்தாள். வறுத்து அரைத்த தூள் அதில் அடங்காது என்பது மனைவியின் கட்சி. சுங்கப் பெண் ஒன்றைத் திறந்து முகர்ந்தார். மூன்று தரம் தும்மினார். பிறகு என் தோள்பையை வாங்கி மேசையில் கவிழ்த்தார்.

இரண்டு மஞ்சள் புத்தகங்களும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன.

மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை. சுங்கப் பெண் ஒன்றைத் திறந்தார். மற்றதைத் திறந்தார். ஏதோ கேட்டார். எனக்கு ஸ்பானிய மொழியில் நூறு வரைக்கும் எண்ண மட்டும் தெரியும். தூளுக்கும் புத்தகத்துக்கும் விளக்கம் வேண்டும் என்று சைகை காட்டினார். மனைவி கண்ணாடியைக் காட்ட, மகளை உள்ளே விட்டார்கள். எட்டரை மாத வயிற்றோடு ஆடி ஆடி வந்தாள். அந்த நடையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தூள் விஷயத்தை ஒரு நிமிடத்தில் முடித்தாள். தன் வயிற்றைக் காட்டினாள், அந்தப் பெண் சிரித்தார். பிறகு மஞ்சள் புத்தகங்களை மகளின் கையில் கொடுத்தார். மகள் ஒன்றைப் பார்த்தாள். மற்றதைப் பார்த்தாள்.

"அப்பா, இதிலை ஒண்டு, அதிலை அஞ்சு. எது சரி?"

இரண்டாவது தரம் அதே கேள்வி. இந்த முறை எண்ணுவதற்கு மணிக்கூடு இல்லை.

"மூத்தது" என்றேன்.

அவள் இரண்டு புத்தகங்களையும் மூடினாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னாள். அந்தப் பெண் என் தோளில் தட்டி, பையைத் திருப்பித் தந்தார்.

"என்ன பிள்ளை சொன்னனீ?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"அப்பாவுக்கு வயசு போட்டுது, பிறந்த வருஷத்தை மாறிச் சொல்லி எழுதுவிச்சுப்போட்டார் எண்டு சொன்னனான்."

மருமகன் கார் ஓட்டினார். வீடு வரைக்கும் இருபத்தாறு நிமிடம். மகள் பின்னால் என் பக்கத்தில் இருந்தாள். பாதி வழியில் சொன்னாள்:

"உங்கடை அறுபதாம் பிறந்தநாளுக்கு நான் மண்டபம் எடுத்தனான். அப்ப உங்களுக்கு அறுபத்திநாலோ?"

"அறுபத்திநாலு வயசிலை அந்த ஆட்டம் ஆடினவர், பரவாயில்லை" என்றாள் முன்னால் இருந்த மனைவி.

மகள் சிரிக்கவில்லை. விரலால் முழங்காலில் ஏதோ எண்ணினாள். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது.

"அப்ப பென்சன் எடுக்கேக்கை அறுபத்தொன்பது. அறுபத்தொன்பது வயசு வரைக்கும் அந்த பக்டரி மெசினிலை நிண்டனீங்களோ?"

"ஓம்."

"மூண்டு ஷிப்டும்?"

"ஓம்."

அவள் என் பையைத் திறந்து பழைய மஞ்சள் புத்தகத்தை எடுத்துத் தன் கைப்பையில் வைத்தாள். தரச் சொல்லி நான் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ இருநூறு கிராம். முப்பது நாள் முத்திரையை நீட்டிக்க ஒருநாள் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே மருமகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார், நான் கடவுச்சீட்டைக் கொடுத்த கையைப் பையில் வைத்து மறைத்துக்கொண்டேன். சுவிசுக்குத் திரும்பி வரும்போது என்னிடம் ஒரு மஞ்சள் புத்தகம்தான் இருந்தது. போகிறவர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்: மஞ்சள் புத்தகம் ஒருவருக்கு ஒன்று.

போன கிழமை புதிய கடவுச்சீட்டு தபாலில் வந்தது. கடவுச்சீட்டு அலுவலக மேசையில் இருந்த பெண் பழையதைப் பார்த்துத்தான் எல்லாம் எழுதினாள், அதே ஐந்துதான். இன்னும் பத்து வருடம் செல்லும். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மகளுக்குச் சொன்னேன். பேத்தி பின்னால் அழுதுகொண்டிருந்தாள்.

"பத்து வருஷத்திலை உங்களுக்கு என்ன வயசு அப்பா?"

"கடவுச்சீட்டுக்கோ, காய்ச்சலுக்கோ?"

அவள் சிரித்தாள். பழைய புத்தகம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். பேத்தியின் ஊசி அட்டையோடு அலுமாரியில் இருக்கிறது என்றாள். அவள் அதைச் சொன்னபோது நான் எழுந்து போய் பல்கனிக் கதவைச் சாத்தினேன். கீழ்வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.