நெட்டுக்குப்பத்துப் பருப்புத் தண்ணி

காலை ஏழு மணிக்கு ராயபுரத்தில் கிளம்பும்போதே உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருந்தது. மச்சானுக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது. மீன், எண்ணெய் எதுவும் ஆகாதென்று அவர் பெண்சாதி, என் தங்கச்சி செல்வி, மாதக்கணக்கில் மூன்று வேளையும் பருப்பையே ஊட்டினாள். காமாலை போனது, கால் இரண்டும் விறைத்துவிட்டன. நான் கொண்டுபோய்க் காட்டிய பருப்பைப் பார்த்து நேற்றுதான் டாக்டர் சொன்னார்: இது துவரை இல்லை, கேசரிப் பருப்பு. இதிலுள்ள ஓர் அமினோ அமிலம், இதையே தின்றுகொண்டிருந்தால் கால் நரம்புகளைக் கெடுத்துவிடுமாம்.

"போனது திரும்பாதுங்க. மத்தவங்க சாப்பிடறதையாவது நிறுத்துங்க."

முதல் பாதியைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அந்தப் பருப்பைத் தொடாதே, காலையில வர்றேன்" என்று மட்டும் செல்வியிடம் சொல்லியிருந்தேன்.

டோல்கேட்டில் மெட்ரோ ஏறி, விம்கோ நகரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். முப்பது ரூபாய். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள்.

"இன்னாபா, எப்பத்தான் நகரும்?"

"அத்த லாரிக்காரனாண்ட கேளு நைனா. குந்து."

ஒன்பதரைக்கு நெட்டுக்குப்பம். வாசலில் செல்வி, ஆறு வயது மகள் மீனாவுக்கு டம்ளரில் எதையோ ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அது?"

"பருப்புத் தண்ணிண்ணே. நீ சொன்னன்னு பருப்பைக் கோழிக்குப் போட்டுட்டேன். சத்து இதுலதான கீது? புள்ளைக்கு டெய்லி இதான்."

அடிப்பாவி! டம்ளரைப் பிடுங்கி மண்ணில் கொட்டினேன். அந்த விஷம் தண்ணீரில்தான் இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்விக்கு இந்தப் பருப்பை விற்ற வடநாட்டுக்காரப் பெண்கள், ஊறவைத்த தண்ணீரையும் வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிடுவார்களாம். "சத்தை சாக்கடைல ஊத்துதுங்க" என்று செல்வி அவர்களைக் கேலி பண்ணியிருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் பாதியை முதலில் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அவருக்கு கெட்டித் தண்ணியா எடுத்து வெச்சிக் குடுத்தேண்ணே" என்றாள்.

உள்ளே கட்டிலில் கிடந்த மச்சான் எல்லாம் கேட்டிருக்க வேண்டும். சுவரைப் பிடித்து, முட்டி இரண்டும் உரச, கத்தரிக்கோல் போல் கால் பின்ன வாசலுக்கு வந்தார்.

"மீனா, அந்தப் படகு வரிக்கும் ஓடு, பாக்கலாம்."

குழந்தை ஓடினாள். அவள் பாதங்களைத் தவிர நாங்கள் மூவரும் வேறெதையும் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"இன்னொரு தபா" என்றார் மச்சான்.