பதிமூன்று பேர் போதும்

ஜமுனாமரத்தூர் சந்தைத் தெருவில், உரக்கடை மாடியில் ஒரு கால் சென்டர் இருக்கிறது என்று சொன்னால் கீழே இருப்பவர்கள் சிரிப்பார்கள். மலையில் தேனும் புளியும் கிடைக்கும், கால் சென்டர் எங்கே கிடைக்கும் என்பார்கள். சிரிக்கட்டும். இருபத்து நான்கு பெண்கள் அங்கே காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, நான்கு மாவட்டத்து விவசாயிகளின் வசவை வாங்கிக்கொண்டு, "சொல்லுங்கண்ணா, மோட்டாருல இன்னா சத்தம் வருது?" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பம்புசெட் கம்பெனிக்கு வரும் புகார் போன்களை எடுப்பது அவர்கள் தொழில்.

கல்பனாவும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஆனால் போன் எடுப்பது அவள் வேலை இல்லை. நாளைக்கு எத்தனை போன் வரும், எந்த மணிக்கு வரும், அதை எடுக்க எத்தனை பேர் உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் போன் அடித்து அடித்து ஓய்ந்துபோகும். கூட்டிச் சொன்னால் பெண்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மழை வரும் என்று சொல்லி வராமல் போனால் சொன்னவரை யாரும் வேலையை விட்டு அனுப்புவதில்லை. கல்பனாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அவள் ஊர் வேங்கைப்பட்டு. அப்பா பஞ்சாட்சரம் சாமை போடுகிறவர். திருப்பத்தூரில் விடுதியில் தங்கிக் கணக்குப் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தாள், வேன் ஓட்டும் சின்னராஜைக் கட்டிக்கொண்டாள். முதல் வருடம் மற்றவர்களைப் போல அவளும் போன்தான் எடுத்தாள். அப்போது அடிவாரத்தில் தாண்டவராயன் என்று ஒரு பெரியவர், வாரத்துக்கு மூன்று முறை தவறாமல் போன் போட்டுத் திட்டுவார். ஒரு வாரம் காலை ஒன்பதே காலுக்குத் திட்டுவார், அடுத்த வாரம் மாலை நாலே காலுக்குத் திட்டுவார். மற்ற பெண்கள் அவர் குரல் கேட்டாலே போனைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். கல்பனாவுக்கோ அந்த நேரம்தான் உறுத்தியது. ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"ஐயா, கோச்சுக்காதீங்க. ஒரு வாரம் காலைல பண்றீங்க, ஒரு வாரம் சாயந்தரம் பண்றீங்க. அது ஏங்க?"

"இன்னாம்மா கேள்வி இது? வயலுக்கு த்ரீ பேஸ் கரண்டு வந்தாதான மோட்டாரு ஓடலன்னு எனக்குத் தெரியும்! ஒரு வாரம் காலைல வுடறான், ஒரு வாரம் சாயந்தரம் வுடறான். நான் இன்னா ஜோசியக்காரனா, கரண்டு வராதப்பவே கண்டுபுடிக்க?"

அன்று அவளுக்குக் கண் திறந்தது. சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் அனுப்பும் கணக்கு, போன நாலு வாரத்தைக் கூட்டி நாலால் வகுத்துக் காலைக்கும் மாலைக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். ஏட்டுச் சுரைக்காய். கல்பனா ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கினாள். எந்த ஊர் எந்த மின் குரூப், எந்தப் புதன்கிழமை முறை மாறும், கரண்ட் வந்து எத்தனை நிமிடத்தில் போன் ஏறும் என்று எழுத ஆரம்பித்தாள். மேனேஜர் புருஷோத்தமன் மலைக்குக் கீழே கணியம்பாடிக்காரர், கம்ப்யூட்டர் சொன்னால் வேதவாக்கு என்று நம்புகிறவர். ஒரு மாதம் முகத்தைச் சுளித்தார். இரண்டாவது மாதம், கம்ப்யூட்டர் சொன்னதையும் கல்பனா சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றாவது மாதம் அவளைப் போன் எடுக்கும் வேலையிலிருந்து எழுப்பி, தனி மேஜை போட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் மெதுவாகப் புரியும்.

இந்தப் பங்குனியில் கம்பெனி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. போன்களையெல்லாம் சென்னைக்கே மாற்றலாமா என்று யோசிக்கிறோம், முப்பது நாள் பார்ப்போம், நூறு போனில் ஐந்துக்கு மேல் எடுக்காமல் விட்டால் மலை ஆபீசை மூடிவிடுவோம் என்று எழுதிவிட்டது. அந்த இருபத்து நான்கு பேரில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு அறைக்குப் பத்துப் பேராகப் படுத்து எழுந்துவிட்டு வந்தவர்கள். "மறுபடியும் அங்க போறதுக்கு நான் வூட்லயே கெடந்து சாவலாம்" என்று ரம்யா சொன்னாள். ரம்யா கல்பனாவின் ஊர்க்காரி, ஆபீசில் எல்லாரையும்விட வேகமாகப் போன் முடிக்கிறவள். அவள் அப்படிச் சொன்னதிலிருந்து கல்பனாவுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இருபத்தெட்டாவது நாள் திங்கட்கிழமை. அதுவரை தவறியது நூற்றுக்கு நாலே முக்கால். மிச்சம் இரண்டு நாளில் நூற்றுப் பத்துப் போன்வரை தவறலாம், அதற்கு மேல் ஒன்று போனாலும் போச்சு. கடைசி நாள் புதன். முறை மாறுகிற நாள், அதிக ஊர்கள் இருக்கும் பெரிய மின் குரூப்புக்கு மாலை நாலு மணிக்குக் கரண்ட். நாலிலிருந்து ஆறுக்குள் நானூற்று இருபது போன் வரும், பதினெட்டுப் பேராவது வேண்டும், நம்மிடம் இருபத்து நான்கு பேர் இருக்கிறார்கள், பயமில்லை என்று கல்பனா எழுதி ஒட்டியிருந்தாள்.

ஒட்டின காகிதத்தைப் பார்த்துவிட்டு ரம்யா வந்து நின்றாள்.

"அக்கா, புதன்கிழமை காப்புக்கா."

கல்பனா தான் ஒட்டிய காகிதத்தைத் திரும்பிப் பார்த்தாள். மாரியம்மனுக்குக் காப்பு. மலையில் நாடு என்றால் சில ஊர்களின் கூட்டு. அவர்கள் நாட்டுக்கு ஏழு ஊர், ஏழு ஊருக்கும் ஒரே அம்மன், ஒரே நாளில் காப்புக் கட்டு. கட்டும்போது வீட்டு ஆட்கள் ஊரில் இருக்க வேண்டும். கட்டிய பிறகு மறுநாள் விடியும்வரை யாரும் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தமுக்கு அடித்துக்கொண்டு போனவன் அவள் வீட்டு வாசலில்தான் நின்று சொன்னான். "முன்பக்கம் சுண்ணாம்பு அடிச்சிடுங்க" என்று சின்னராஜிடம் அவளே சொன்னாள். அது ஊர்ச் செய்தி, இது ஆபீஸ் கணக்கு. இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. அடிவாரத்தில் எவன் வயலில் எப்போது கரண்ட் வரும் என்று தெரிந்த மகராசிக்குத் தன் ஊர்க் காப்பு மறந்துபோயிற்று.

எண்ணிப் பார்த்தாள். பதினோரு பேர் ஏழு ஊர்க்காரர்கள். மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். மிச்சம் பதிமூன்று.

புருஷோத்தமன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வருசம் காப்புக்குப் போவலன்னா இன்னாம்மா? சாமி கோச்சுக்குமா?"

"சாமி கோச்சுக்காது சார். ஆனா அந்தப் பொண்ணுங்க வரமாட்டாங்க, நானும் வாங்கன்னு கூப்பிட மாட்டேன். எண்ணாம வுட்டது நானு. அவங்க மேல ஏத்தக் கூடாது."

அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை, நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். ஆளைக் கூட்ட முடியாது. அப்படியானால் போனைத்தான் குறைக்க வேண்டும். வருகிற போனை எப்படிக் குறைப்பது? போன வாரத்துப் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூன்றில் ஒரு போன் புதுப் புகாரே இல்லை. "மெக்கானிக் வர்றேன்னு சொன்னாரே, எப்பதான் வருவாரு?" என்று கேட்கிற பழைய ஆட்கள். அதற்குப் பதில் தெரிந்தால் அவர்கள் ஏன் போன் போடப் போகிறார்கள்?

"நாமளே முன்னாடி போன் போட்டுச் சொல்லிடலாம் சார். புதன்கிழமை பதினோரு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் போன் கம்மி. இருவத்து நாலு பேரும் இருப்பாங்க."

"வர்ற போனை எடுக்கறதுதாம்மா நம்ம வேலை. நாமளா போடறது இல்ல."

"வேலை போனப்புறம் எந்தப் போனை சார் எடுக்கறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தால் சம்மதம் என்று அந்த ஆபீசில் எல்லாருக்கும் தெரியும்.

செவ்வாய் முழுக்கக் கல்பனா மெக்கானிக்குகளைத் துரத்தினாள். சாமி சத்தியமாக நாளைக்கு வருகிறேன் என்கிற ஆட்களிடமிருந்து எத்தனை மணிக்கு என்று வாங்குவது லேசு இல்லை. "நாளைக்கு" என்றவர்களை "காலையிலா மாலையிலா" என்று கேட்டாள், "மாலை" என்றவர்களை "அஞ்சுக்கா ஆறுக்கா" என்று கேட்டாள். ஒருவர் எரிச்சலாகி, "கல்யாண முகூர்த்தமாம்மா குறிக்கற?" என்றார். "ஆமாண்ணே, நேரம் தவறாம வந்துடுங்க" என்றாள். நூற்று ஐம்பத்திரண்டு பேருக்கு நேரம் வாங்கினாள். அன்றைக்கு நாற்பது போன் தவறிப்போயிற்று. புதனுக்கு எழுபதுதான் மிச்சம்.

புதன்கிழமை பதினோரு மணிக்குப் பெண்கள் போனைத் தூக்கினார்கள். கம்பெனியிலிருந்து தானாகப் போன் வருவதை அடிவாரத்து விவசாயிகள் முதலில் நம்பவில்லை. ஒருவர், "ராங் நம்பரும்மா" என்று வைத்துவிட்டார். ரம்யா விடாமல் மறுபடி போட்டு, "அண்ணா, உங்க மோட்டாரு, உங்க மெக்கானிக், இன்னிக்குச் சாயந்தரம் அஞ்சு மணி" என்றாள். இரண்டரை மணிக்குள் நூற்று முப்பத்தெட்டுப் பேரைப் பிடித்தாயிற்று. கல்பனா பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினாள்: மாலை நாலு முதல் ஆறு வரை இருநூற்று எண்பது போன். பதிமூன்று பேர் போதும்.

மூன்று மணிக்குச் சின்னராஜ் வேனைக் கீழே நிறுத்தி ஹாரன் அடித்தான். புருஷோத்தமன் படிக்கட்டு வரை வந்தார்.

"நீயாவது இரேம்மா. ஒரு போனை எடுத்துப்ப. பதினாலா ஆவும்."

இருந்துவிடலாமா என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. கால் இரண்டும் உரக்கடை வாசலிலேயே நின்றன.

"பதிமூணு போதும்னு எழுதி ஒட்டினது நானு சார். நானே போய் உக்காந்தா, நாளைக்கு நான் எழுதறதை யாரு நம்புவா?" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினாள். பார்த்தால் இறங்கிவிடுவாள் என்று அவளுக்கே பயம்.

வேங்கைப்பட்டில் காப்புக் கட்டியாயிற்று. மஞ்சள் துணியில் வேப்பிலை முடிந்து கம்பத்தில் கட்டினார்கள், பம்பை அடித்தது, அம்மா சாந்தம்மாள் அவள் நெற்றியில் திருநீறு பூசினாள். கல்பனாவின் மனசு மட்டும் உரக்கடை மாடியில் இருந்தது. ஊருக்குள் போன் சிக்னல் கிடையாது. எல்லைக்கல்லைத் தாண்டி இருபது அடியில் ஒரு புளியமரம், அதன் அடியில்தான் இரண்டு கோடு எடுக்கும். ஆறு மணி தாண்டியதும் மெல்ல நடந்து கல்லருகே போனாள். அங்கே ஏற்கெனவே ரம்யாவும் இன்னும் நாலு பெண்களும் கல்லுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்று, கையை மரத்தின் பக்கம் நீட்டி, போனை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் கல்லைத் தாண்டவில்லை. ஒருத்திக்கும் சிக்னல் வரவில்லை. கல்பனாவும் போய் வரிசையில் நின்று கையை நீட்டினாள். சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

மறுநாள் காலை அவர்கள் மாடி ஏறியபோது ஆபீசில் எல்லாரும் போனில் இருந்தார்கள், ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முடிந்தது என்று கல்பனா நினைத்தாள். புருஷோத்தமன் அவர் அறையிலிருந்து வந்து ஏதோ சொன்னார், குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. கையால் சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். நேற்று தவறிய போன் ஐம்பத்தாறு என்று எழுதியிருந்தது. எழுபதைத் தாண்டவில்லை.

ரம்யா போட்ட கூச்சலில் கீழே உரக்கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"சார் தொண்டை ஏன் இப்டி ஆச்சு?" என்று கல்பனா கேட்டாள்.

நேற்று மாலை போன் எடுத்தவர்களில் ஒருத்தி பாஞ்சாலை, அவள்தான் சொன்னாள். நாலு மணிக்குக் கரண்ட் வந்து போன் ஏற ஆரம்பித்ததும் கூட உட்கார்ந்திருந்த ராஜேஸ்வரிக்குத் தலை சுற்றி வாந்தி. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. பன்னிரண்டு பேர். புருஷோத்தமன் அறையை விட்டு எழுந்து வந்தாராம். பிறகு ராஜேஸ்வரி சீட்டில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாராம். இத்தனை வருடத்தில் ஒரு போன் எடுத்ததில்லை. முதல் போனே தாண்டவராயன். அரை மணி நேரம் இல்லாவிட்டாலும் பத்து நிமிடமாவது வாங்கிக் கட்டிக்கொண்டாராம். ஆறு மணி வரை எழுந்திருக்கவே இல்லை.

"எதுக்கு சார் நீங்க உக்காந்தீங்க?" என்று கல்பனா கேட்டாள்.

புருஷோத்தமன் தொண்டையைச் செருமிக்கொண்டு கஷ்டப்பட்டுச் சொன்னார்: "நீ பதிமூணுன்னு எழுதிட்டுப் போய்ட்ட. பன்னெண்டா வுட்டா உன் கணக்கு இன்னாத்துக்கு ஆவும்?"

கல்பனா மேஜைக்குப் போய் நோட்டைத் திறந்தாள். புதன்கிழமைக்கு நேரே, மாலையில் உட்கார்ந்தவர்கள் பதிமூன்று என்று எழுதிப் பெயர்களையும் வரிசையாக எழுதினாள். பதிமூன்றாவது பெயர் புருஷோத்தமன்.