ஏழாம் நம்பர் கொடி

வெட்டிய புல்லின் வாசனை எனக்கு ஆகாது. சுங்கை பினாங்கில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே மெஷினோடு ஆட்கள் வந்துவிட்டால் ஜன்னலை அடைத்துவிடுவேன். பக்கத்து வீட்டு அக்கா மட்டும், "என்னா வாசனலா, மனசே குளுந்து போவுது!" என்று மூச்சை இழுத்து இழுத்து விடுவார். விடட்டும். என் சிறுவயது முழுக்க அந்த வாசனைதான் அப்பாவின் சட்டையிலும், சோறு பிசையும் கையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது.

அப்பா கோல்ஃப் திடலில் புல் வெட்டினார். ஜார்ஜ் டவுனில் அந்த இடத்தில் ஒரு திடல் இருந்ததென்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. அவன் கப்பலேறிப் போன பிறகு ஊரிலுள்ள பெரிய கார்களெல்லாம் அங்கே வந்து நின்றன. ஆடியவன் மாறினானே தவிர புல் வெட்டியவன் மாறவில்லை. பின்பக்க வேலியை ஒட்டி எங்களுக்குப் பலகை வீடுகள், "குவாட்டர்ஸ்" என்போம். வேலிக்கு அந்தப் பக்கத் திடல் "பாடாங்". பெண்களும் பிள்ளைகளும் அங்கே கால் வைக்கக் கூடாது. வைத்தால் அப்பாமார்களுக்கு ஏச்சு விழும். எங்கள் வாசலில் நின்று பார்த்தால் தெரிவது ஒரே ஒரு மஞ்சள் கொடிதான், ஏழாம் நம்பர் குழிக்கு நட்டது.

எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிறந்த தம்பி மூச்சில்லாமல் பிறந்தான். அன்று நல்ல அடைமழை, ரோட்டில் முழங்கால் தண்ணீர், இடுகாட்டுக்குப் போக வழியில்லை. அப்பா தன் கைலி ஒன்றில் பிள்ளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு, மண்வெட்டியோடு வேலியைத் தாண்டிப் போனார். சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தவரிடம் பாயில் கிடந்தபடி அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏங்க, எங்க வச்சீங்க?"

"ஏழாம் நம்பர் கொடிகிட்ட," என்றார் அப்பா.

அவர் சொன்னது கொடிக்குப் பின்னால், "லொங்கான்" எனும் பெரிய சாக்கடையோரப் புதரை. ஒரு கல்லும் நட்டு வைத்திருந்தார். அம்மா எழுந்து நடமாடியதும் ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று நினைத்தாராம். அதற்குள் மேலிடத்து உத்தரவு வந்து, அப்பா வேறு பக்கம் வேலையாக இருந்த ஒரு நாளில், சாக்கடையோரம் முழுவதையும் ட்ராக்டர் வந்து வழித்துவிட்டது. சாயங்காலம் அவர் ஓடிப் பார்த்தபோது புதரும் இல்லை, கல்லும் இல்லை. இதை அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளை கொடிக்கு நேர் கீழே தூங்குகிறான் என்றே அம்மா எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்துவிட்டு வேலியோரம் நின்று, கொடியைப் பார்த்து, ஒரு டம்ளர் பாலைப் பொட்டுப் பொட்டாகப் புல்லில் ஊற்றுவாள். "காத்தடிச்சா தம்பி கைய ஆட்டுறான் பாரு," என்பாள் என்னிடம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் முகம் தெளிவாக இருக்கும். பிறகு அப்பா எந்த வாயால் உண்மையைச் சொல்வார்?

அந்த விளையாட்டில் குழி ஒரே இடத்தில் இருக்காது. ஆடுகிறவர்கள் குழியைச் சுற்றியே மிதிப்பதால் புல் செத்துவிடும்; அதனால் அடிக்கடி வேறிடத்தில் குழி எடுத்து, பழைய குழியை மண்ணால் அடைத்து, கொடியையும் மாற்றி நட வேண்டும். அது அப்பாவின் வேலை. மற்ற கொடிகளையெல்லாம் ஒழுங்காக மாற்றினார். ஏழாம் நம்பரை மட்டும் தொடவில்லை. மண்டோர், அதாவது புல் வெட்டுகிறவர்களுக்கு மேலாள், எங்கள் வாசலுக்கே வந்து அப்பாவை வெளியே கூப்பிட்டுச் சத்தம் போட்டார்.

"டேய் சின்னையா, குழிய மாத்துடா! தலையில சொட்டை விழுந்த மாதிரி கெடக்கு. மேனேஜர் பாத்தா உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சுலா!"

"நாளைக்கு மாத்திடுறேன் அண்ணே," என்றார் அப்பா. அந்த நாளை வரவேயில்லை.

மேனேஜர் பார்த்துவிட்டார். மண்டோரே போய்க் குழியை மாற்றினார். அடுத்த வெள்ளிக்கிழமை டம்ளரோடு வந்த அம்மா, கொடி மறுகோடியில் நிற்பதைப் பார்த்து, "ஐயோ, புள்ளைய தோண்டிட்டானுங்களே!" என்று அலறினாள். டம்ளரைப் போட்டுவிட்டு வேலிக் கம்பிக்குள் நுழைந்து, புடவை கிழிய ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அந்தப் புல்லை நான் மிதித்தது அன்று மட்டும்தான், மெத்தென்று இருந்தது. அம்மா பழைய குழி அடைத்திருந்த இடத்தில் விழுந்து பத்து விரலாலும் மண்ணைக் கிளறினாள். ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், பந்து பக்கத்தில் மிதித்துவிடாதே என்று என்னிடம் கையைக் காட்டினார். நாசமாய்ப் போன பந்து!

அப்பா ஓடிவந்து அம்மாவைத் தூக்கி நிறுத்தினார். "இங்க இல்ல புள்ள, அந்தப் பக்கம், லொங்கான் ஓரமா," என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். அழைத்துக்கொண்டும் போனார். போய்? வழித்துப் போட்ட வெட்டவெளியில் நின்று, "இங்கதான்... இல்ல, இன்னும் கொஞ்சம் தள்ளி," என்று அங்குமிங்கும் நடந்தார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தன்னை அங்கிருந்து கிளப்பத்தான் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். சாகும்வரை அப்பா சொல்லிப் பார்த்தார். இன்றுவரை அவள் நம்பவில்லை.

வேலை போனது, வீடும் போனது. அப்பா ஃபெரி ஏறி புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்குக் கூட்டிப் பெருக்கப் போனார். புல் வாசனை போய் அவர் சட்டையில் எண்ணெய் வாசனை வந்தது. திடல் பிறகு கைமாறி, மூடி, கொண்டோமினியம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகிவிட்டது. வேலியும் பலகை வீடுகளும் போன இடம் தெரியவில்லை. தேடிப் பார்த்தால் கொஞ்சம் அகப்படும்: ரோட்டோரம் வரிசையாக அங்சானா மரங்கள், சிமெண்ட் பூசிய அதே லொங்கான், ஏழாம் நம்பர் கொடி நின்ற மேடு. அந்த மேட்டில் இப்போது பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் அம்மா, "ஒரே ஒரு தடவ உள்ள போயி பால் ஊத்திட்டு வந்துருவோம்மா, நான் இனிமே எத்தன நாளைக்கு?" என்றாள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பால் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாள். வாசல் தடுப்பில் நேப்பாளத்துக் காவலாளி குனிந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று மலாயில் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே, "அனாக் சாயா," என்றாள். என் பிள்ளையை.

வீட்டு நம்பர் கேட்டான்.

"துஜோ," என்றாள், ஏழு.

எந்த மாடி என்று கேட்டான். அம்மா காரின் ஜன்னல் வழியே கையை நீட்டி, தரையைக் காட்டினாள்.