அக்கா என்று அழைத்தவர்கள்

பொன்னமராவதியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து சற்றுத் தள்ளி, மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன போர்வெல் மோட்டார்களைச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கொண்டுவந்து இறக்குவார்கள். கோடையில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. மழை பிடித்துவிட்டால் மத்தியானம் முழுக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி ஓர் ஐப்பசியில்தான் கதை எழுத ஆரம்பித்தேன்.

என் போனில் இடமில்லை. மனைவி புதுப்போன் வாங்கியபின் சும்மா கிடந்த அவளுடைய பழைய போனில், கதை எழுதிப் போடவும் படிக்கவும் உதவும் செயலி ஒன்றை ஏற்றி அதிலேயே தட்டினேன். கணக்கு அவளுடைய மின்னஞ்சலில் திறந்துகொண்டது. எழுத்தாளர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர் தானாக வந்து நின்றது. பக்கத்தில் அவள் எப்போதோ வைத்திருந்த செம்பருத்திப் பூப் படம். மாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

புதுக்கோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் பெண்ணின் கதை அது. புருஷனைப் பிரிந்து, மகளோடு வாடகை வீட்டில் இருக்கிறவள். என் கூடப்பிறந்த அக்கா பல வருஷம் அப்படித்தான் இருந்தாள். நான் பார்த்ததும் அவள் சொன்னதும்தான் கதையில் பாதி. அந்தப் பெண்ணே பேசுவதுபோல "நான்" என்று எழுதியிருந்தேன்.

மூன்றாவது அத்தியாயத்துக்கு முதல் கருத்து வந்தது. "அக்கா, பக்கத்து வீட்டுல இருந்து என்னையப் பாத்து எழுதுன மாதிரி இருக்கு."

அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நான் அக்கா இல்லை, ஆண் என்று பதில் அடித்தேன். அனுப்புவதற்குள் ஒருவர் மோட்டாரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவரை அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், கீழே இன்னும் நான்கு பேர் "அக்கா" என்று எழுதியிருந்தார்கள். அடித்து வைத்திருந்ததை அழித்துவிட்டு "நன்றி" என்று மட்டும் போட்டேன். அதில் ஆணா பெண்ணா என்று தெரியாது, ஆகவே அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப்பின் வந்த ஒவ்வொரு "அக்கா"வுக்கும் உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் இன்னொன்று வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீரனூரில் ஜெராக்ஸ் கடை வைத்துத் தட்டச்சு செய்துதரும் பெண் ஒருவர், ஒவ்வொரு அத்தியாயம் வந்ததும் என் எழுத்துப் பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்புவார். "அக்கா, வருத்தப்படாதீங்க. பிழையோட கெடக்க விட எனக்கு மனசு வரல" என்பார். அவர்தான் குரூப் ஆரம்பித்தார். ஒருவர் போன் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாத மாதிரியான குரூப். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். எல்லாரும் பெண்கள். என் கதைக்காகக் கூடியவர்கள் சீக்கிரமே ஒருவருக்கொருவர் உறவாகிப்போனார்கள். இலுப்பூரில் ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதினால், வெளிநாட்டில் நர்ஸாக இருந்தவர் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்வார். ஒருத்திக்கு நேர்முகத் தேர்வு என்றால் காலையிலிருந்து எல்லாரும் அவளுக்காகக் காத்திருப்பார்கள். கதையில் வரும் பெண் விவாகரத்து வழக்குக்குப் போகும் அத்தியாயத்தை நான் தப்பாக எழுதியபோது, கோர்ட்டு ஏறி இறங்கிய மூன்று பேர் அங்கே என்ன நடக்கும், எங்கே உட்கார வைப்பார்கள் என்று சொல்லித் திருத்தினார்கள். அந்தக் கதை பாதிக்கு மேல் அவர்களுடையது.

இத்தனைக்கும் நடுவில் நான் அக்காவாக இருந்தேன். பேச்சு வேறு பக்கம் போனால் ஒதுங்கிக்கொள்வேன். தீட்டுக் கோளாறு, மாமியார், பிரசவம் என்று பேசும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். பிறகு எடுத்துப் படிக்கவும் செய்தேன். அதை மறைப்பதற்கில்லை.

ஒரு நாள் குரூப்பில் இருந்த அறந்தாங்கிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எனக்குத் தனியாக எழுதினாள். கர்ப்பப்பை எடுத்தபிறகு தன் புருஷன் தன்னிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிய நீளமான செய்தி அது. என்ன எழுதியிருந்தாள் என்று இங்கே சொல்லமாட்டேன். கடைசியில், "இத எங்க ஆத்தாகிட்டக் கூடச் சொல்லல அக்கா. ஒரு பொம்பளைக்குத்தான் புரியும்னு ஒங்ககிட்டச் சொல்றேன்" என்றிருந்தது.

கடையில் இருந்தேன். கையில் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் பிசுபிசுப்பு. கதவைத் தட்டாமல் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டவன் மாதிரி இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "தைரியமா இருங்க, டாக்டரை ஒரு தடவை பாருங்க" என்று எழுதினேன். "இது போதும் அக்கா. இன்னைக்கு நிம்மதியாச் சாப்பிடுவேன்" என்று பதில் வந்தது. என்னால் அன்று சாப்பிட முடியவில்லை.

கதை முடியும் தறுவாயில் கீரனூர்க்காரர் குரூப்பில் எழுதினார்: "கடைசி அத்தியாயத்துக்கு முன்னாடி எல்லாரும் புதுக்கோட்டையில ஒருநாள் சந்திப்போம். அக்கா கட்டாயம் வரணும்." நாற்பது ஐம்பது செய்திகள் மளமளவென்று வந்து விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஓர் ஓட்டல் மாடி என்று முடிவானது.

அந்த வாரம் நான் கட்டிய காயில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. கம்பி இணைப்பைத் தப்பாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. உடம்பு சரியில்லை, ஊரில் இல்லை என்று ஒவ்வொரு சாக்காக யோசித்தேன். "அக்கா, ஒரு வாய்ஸாவது போடுங்களேன், ஒங்க குரலைக் கேக்கணும்" என்று யாரோ எழுதினார்கள். போனை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினேன். மூடிய டிராயருக்குள் அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

கடைசியில் மனைவியிடம் போய் நின்றேன். அவளுக்கு நான் கதை எழுதுவது தெரியும். அவள் பெயர் அதில் இருப்பதும் தெரியும். இத்தனை பேர், இத்தனை பேச்சு என்பது தெரியாது.

"ஒரே ஒரு நாள்தான். எனக்குப் பதிலா நீ வந்து உக்காந்தாப் போதும்" என்றேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "போனைக் கொடுங்க" என்றாள்.

எல்லாவற்றையும் படித்தாள். குரூப்பில் வந்ததையும் படித்தாள், தனியாக வந்ததையும் படித்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் போய் அணைத்தேன்.

"இந்தப் பிள்ளை என் பேரைப் பாத்துத்தானேங்க இதை எழுதியிருக்கு?" என்றாள். குரல் உயரவில்லை. "நாளைக்கு அது எதுத்தாப்புல வந்து, அன்னைக்குச் சொன்னேனே அக்கான்னு என் கையைப் பிடிச்சா நான் என்ன செய்யட்டும்?"

"வேணும்னு செய்யல."

"மொத நாளு வேணும்னு செய்யல. அதுக்கப்புறம்?"

போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களாச் சொல்லிருங்க. இல்லாட்டி நான் சொல்லிருவேன். என் பேரு அது."

அறந்தாங்கிப் பெண்ணுக்குத்தான் முதலில் எழுதினேன். ஒரு பக்கம் எழுதிச் சுருக்கி, சுருக்கியதை மறுபடி நீட்டி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கடைசியில் ஆறு வரி அனுப்பினேன். நான் ஆண். மோட்டார் கடை வைத்திருக்கிறேன். பெயர் என் மனைவியுடையது. நீங்கள் எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. மன்னிப்புக் கேட்கிறேன். பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் இல்லை.

இரண்டு நாள் அப்படியே போனது. வாசலில் யார் வண்டியை நிறுத்தினாலும் அவளுடைய வீட்டு ஆட்களோ என்று திடுக்கிட்டேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவள் ஏதாவது செய்துகொண்டால்? பெயரும் ஊரின் பக்கமும் தவிர அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. போய் விசாரிக்கவும் முடியாது.

மூன்றாம் நாள் காலையில் வந்தது. "நான் அனுப்பினதை அழிச்சிருங்க. வேற யாரும் படிச்சாங்களா?"

 இல்லை என்று எழுதினால் முடிந்துவிடும். அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எழுதவும் செய்தேன். அனுப்பாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, "என் மனைவி படிச்சாங்க. நான்தான் போனைக் கொடுத்தேன். அதுவும் தப்புதான்" என்று அனுப்பினேன். அவளுடைய செய்திகளையும் அழித்தேன். அவள் கணக்கு அன்றைக்கே காணாமல்போனது.

அன்று மத்தியானம் குரூப்பில் சொன்னேன்.  ஒவ்வொருவராக வெளியேறியது தெரிந்தது. இத்தனை மாதமாக எங்கள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு எப்படி இருக்க முடிந்தது என்று ஒருவர் கேட்டார். "நாங்க அழுதப்ப நீங்க சிரிச்சீங்களா?" என்று இன்னொருவர் கேட்டார். சிரிக்கவில்லை என்று எழுதினேன். நம்பியிருக்கமாட்டார். பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள்.

சாயங்காலம் கீரனூர்க்காரர் எழுதினார். "ரொம்பக் கோவமா இருக்கேன். என்ன சொல்றதுன்னு தெரியல. ஆனா ஞாயித்துக்கிழமைச் சந்திப்பு நடக்கும். அது எங்களுக்குள்ள. வர்றதா இருந்தா ஒங்க வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. நேர்ல பேசிக்கலாம்."

போக வேண்டாம் என்றுதான் எனக்கு இருந்தது. மனைவி சேலை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றாள். பஸ் நச்சாந்துபட்டி தாண்டும்போது சீட்டை விட்டு எழுந்தேன். "இங்கனயே எறங்கிக்கிறேன்" என்றேன். "பேசாம உக்காருங்க" என்றாள். ஜன்னலோரத்தை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

ஓட்டல் மாடியில் ஒன்பது பேர் இருந்தார்கள். நான் படியேறி வந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிழை திருத்துகிறவர் பெரிய மனுஷியாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். முப்பது வயதுகூட இருக்காது. எழுந்து வந்து என் மனைவியை அழைத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காரவைத்தார். எனக்கு ஓரத்து நாற்காலியைக் காட்டினார். நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். 

"கதை நல்ல கதைதான். அதுல எங்களுக்குச் சண்டை இல்ல" என்றார் அவர். "ஆனா இனிமே குரூப்புல நீங்க இருக்க வேணாம். அத்தியாயத்தை ஒங்க பேர்ல போடுங்க. பிழை திருத்தி அனுப்புறேன். எங்க பேச்சு எங்களுக்குள்ள இருக்கட்டும்."

"சரிங்க" என்றேன்.

"அக்கான்னு கூப்பிட்டுப் பழகிருச்சு. அண்ணன்னு கூப்பிட இன்னும் வாய் வரல. பாப்போம்" என்றார். ஒருத்தி சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

காபி வந்தது. அவர்கள் என் மனைவியிடம் வேலை, பிள்ளைகள், ஊர் என்று விசாரித்தார்கள். அவள் நாலு பேருக்கு நடுவில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் எப்போது கிளம்பலாம் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது அவளைக் குரூப்பில் சேர்த்திருந்தார்கள், புதுப்போனில், அவளுடைய சொந்தப் பெயரில்.

கடைசி அத்தியாயத்தை என் பெயரில் போட்டேன். செம்பருத்திப் படத்தையும் எடுத்துவிட்டேன். முன்பு வந்ததில் கால்வாசிப் பேர்தான் கருத்து எழுதினார்கள். கீரனூரிலிருந்து பிழைப் பட்டியல் ஒரு வார்த்தை கூடுதலாக இல்லாமல் வந்துசேர்ந்தது. இப்போது இரண்டாவது கதை எழுதுகிறேன். போனில் மணியடித்தால் அறந்தாங்கிப் பெண்ணோ என்று நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொள்கிறது. அவளாக இருக்காது என்று தெரிந்தும் உடனே எடுத்துப் பார்க்கிறேன்.

போன மாதம் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "அந்த அறந்தாங்கிப் பிள்ளை வேற கணக்குல குரூப்புக்கு வந்திருச்சு" என்றாள்.

நான் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "எப்படி இருக்காங்களாம்?"

"இருக்குது. அதுக்கு மேல ஒங்ககிட்டச் சொல்ல மாட்டேன்."

சரி என்றேன். குழம்பு வேண்டுமா என்று கேட்டாள். ஊற்று என்றேன்.