குரூப்பில் போட்ட ஊமைப் பொலிஸ்

கட்டாரில் ஒரு ஹோட்டல் சமையலறை வேலைக்கு எல்லாம் கூடி வந்த நேரம். என்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று காட்டும் பொலிஸ் ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கி. அதற்கும் கொழும்புக்கு விண்ணப்பித்தாயிற்று. அது வந்ததும் பிளேன் ஏறிவிடலாம் என்றார் ஹட்டன் ஏஜென்சிக்காரர். அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு விரல் அரித்தது.

போனில் ஒரு பழைய ஊமைப் படம் கிடைத்தது. தொந்தியும் மீசையுமாக ஒரு பொலிஸ்காரர் திருடனைத் துரத்துகிறார், சாக்கடைக் கானில் விழுகிறார். தூக்கிவிட்ட திருடனுக்கே சல்யூட் அடித்துவிட்டு, பின்னால் ஓடிவந்த தன் மேலதிகாரிக்கு விலங்கு மாட்டுகிறார். போன தேர்த் திருவிழா அன்றைக்கு எங்கள் பொலிஸ் ஸ்டேஷன்காரர் ஒருவரும் சூதாடிகளைத் துரத்திப்போய்க் கானில் விழுந்திருந்தார். சும்மா இருப்பேனா? "நம்ம தேர் வீடியோ கெடைச்சிருச்சு" என்று எழுதி தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அண்ணன் மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமே போடவில்லை. அவர் ஆட்டோ ஓட்டுபவர். ஸ்டேஷன்காரர்கள் அவசரத்துக்குக் கூப்பிடுவது அவரைத்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் அவர், "தம்பி, கட்டார் விசயம் எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டார். இவருக்கு எதற்கு அது? ஆள் போட்டுக் கொடுத்துவிட்டார், என் பயணத்தில் மண் விழப்போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். வீடியோவை அழித்தேன். அவர் ஆட்டோ சத்தம் கேட்டாலே எட்டிப் பார்த்தேன்.

"ஒங்களுக்கு என்ன, பேய் புடிச்சிருக்கா?" என்று மனைவி திட்டினாள். "அந்தாளு நல்லது கேட்டாலும் குத்தமா?"

சனிக்கிழமை பகல், அவள் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். அண்ணனின் ஆட்டோவிலிருந்து ஒரு பொலிஸ்காரர் இறங்கினார். அண்ணன் என் வாசலைக் கைகாட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பாவி என்று பல்லைக் கடித்தேன்.

பொலிஸ்காரர் கையிலிருந்த தாளைப் பார்த்து என் பெயரைச் சொல்லி, இவர் இருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கும் சிங்களம் நன்றாக வரும். இல்லை மாத்தயா, அவர் என் மச்சான், தோட்டத்தை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது என்றேன். இங்கே வருவதே இல்லையா? இல்லவே இல்லை. அவர் தாளில் எழுதிக்கொண்டு போனார். பயணத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பொழுது சாய அண்ணன் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பொலிஸ் ஐயா வந்தாரே தம்பி, எல்லாம் சரியா? கட்டார் ரிப்போட்டுக்கு, நீங்க இங்கதான் இருக்கீங்களான்னு பாக்கணுமாம். லயத்துல காம்பரா தெரியாம ஒரு தரம் திரும்பிப் போயிட்டாரு. அதான் நானே கூட்டியாந்து காட்டுனேன்."

நல்ல மனிதரை இத்தனை நாள் சந்தேகப்பட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அதே பொலிஸ்காரர்தான் இருந்தார். அப்படி ஒருவர் அந்த விலாசத்தில் இல்லை என்று எழுதி அனுப்பியாகிவிட்டதாம். இனி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். ஏஜென்சிக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். நான்தான் அந்த ஆள் என்று அடையாள அட்டையை நீட்டினேன். அவர் அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியென்றால் சனிக்கிழமை என்னோடு பேசியது யார்?" என்று கேட்டார்.