காற்புள்ளிக்காரர்

கணினித் திரையை அணைத்தாயிற்று. காதில் கருவியை மாட்டி, கன்னத்தில் கைவைத்து, கண்ணையும் மூடிக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு உட்கார்ந்தபடியே தூங்குகிற மாதிரி இருக்கும். சாப்பாட்டு மேசையின் மறுபக்கம் விடைத்தாள் திருத்தும் மனைவிக்கு இது பழக்கம்தான். தேநீரை இவர் முழங்கை இடிக்காத தூரத்தில் நகர்த்தி வைப்பார்.

கடை திறக்கும்வரை இதுதான் வேலை. கடை என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை. பகலெல்லாம் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தி, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பவர், காலையில் ஒரு மென்பொருளைக் கட்டிக்காக்கிறார். பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்வது அது. சரியாக வாசிக்கிறதா என்று அவர்களைப் போலவே கேட்டுப் பார்க்கத்தான் இந்தக் கண்மூடல். இலவசம், அதன் நிரலும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தி, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பலாம். அதற்குப் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர். சேர்ப்பதும் திருப்பி அனுப்புவதும் இவர் கையில்.

படிக்கும் முன்பே நன்றி எழுதிவிடுவார். பிறகு, "நல்லாருக்கு. ஆனா..." என்று ஆரம்பிப்பார். காற்புள்ளி ஒன்று இடம் மாறியிருந்தாலும் திரும்பிவிடும் என்பதால், அனுப்புகிறவர்களுக்குள் இவர் பெயர் காற்புள்ளிக்காரர். கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னபோதும் ஒரு ‘ஆனா’ போட்டவர்தான் என்பார் மனைவி. அதற்குப் பின்னால் என்ன வந்தது என்பதை மட்டும் இருவரும் சொல்வதில்லை.

ஒரு மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் பெண்மணியிடமிருந்து திருத்தம் ஒன்று வந்தது. தொலைபேசி எண்களை மென்பொருள் கோடி, லட்சம் என்று பெருந்தொகை போல வாசித்துக்கொண்டிருந்தது. அவர் அதை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வைத்திருந்தார். கேட்டதும் இவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வரிகள்தான் கோணல்மாணல், ஓரத்தில் விடவேண்டிய இடைவெளி எதுவும் ஒழுங்கில் இல்லை. திருப்பினார். மறுபடி வந்தது, மறுபடியும் கோணல். இந்த முறை திருப்பும்போது, ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு அனுப்பக் கூடாதா என்று எழுதினார். அப்புறம் அந்தப் பக்கமிருந்து பேச்சே இல்லை.

வேறு யார் யாரோ அனுப்பினார்கள். இவருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. கடையில் ஒருவருக்கு வலது லென்ஸை இடப்பக்கம் மாட்டிக் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில், உங்கள் வேலை வீணாகக் கூடாது, முடிந்தால் பேசுங்கள் என்று எழுதிக் கடை எண்ணையும் கொடுத்தார்.

வாடிக்கையாளர் எதிரில் இருக்கும்போது அழைப்பு வந்தது.

"சார், எனக்குப் பார்வை கிடையாது," என்றார் அந்தப் பெண்மணி. கோபமில்லை, நாளெல்லாம் பிறருக்கு இணைப்புக் கொடுத்துப் பழகிய குரல். "உங்க மென்பொருளை வச்சுத்தான் எழுதறேன். வார்த்தையெல்லாம் சொல்லுது. இடைவெளியை மட்டும் முழுங்கிடுது. நீங்க கோணல்ங்கறீங்க, எனக்கு அது கேக்கவே மாட்டேங்குது."

எதிரில் இருந்த வாடிக்கையாளரிடம் ஒரு நிமிடம் என்று சைகை காட்டினார் இவர். திரையை அணைத்துவிட்டுக் கடிதம் கேட்டிருக்கிறார், செய்தி கேட்டிருக்கிறார். நிரலை மட்டும் என்றைக்கும் கண்ணால்தான் படித்திருக்கிறார்.

"அப்படி எழுதியிருக்கக் கூடாது மேடம். தப்பு என்னோடது."

"அது போகட்டும் சார். அந்த இடைவெளியைப் பேச வைங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அன்று மாலையே அந்தப் பெண்மணியின் வரிகளைத் தானே நேராக்கி, அவர் பெயரிலேயே சேர்த்தார். அடுத்து வந்த காலைகளில் இடைவெளியோடு மல்லுக்கட்டினார். ஒரு வரி எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்று மென்பொருள் முதலில் உளறியது, பிறகு திக்கியது, கடைசியில் தெளிவாகச் சொன்னது.

நேரே சேர்த்திருக்கலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. இவரோ தன் திருத்தத்தையும் புல் ரிக்வெஸ்ட் ஆக்கி, சரிபார்ப்பவர் என்ற இடத்தில் அந்தப் பெண்மணியின் பெயரைப் போட்டார். முடிந்ததென்றால் சேர்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே என்றார் மனைவி.

"அவங்க பாத்து..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "கேட்டுச் சொல்லட்டும்."

‘சேர்’ என்ற பச்சைப் பொத்தான் திரையில் தயாராக இருந்தது. சுட்டியை விடைத்தாள்களுக்கு அந்தப் பக்கம், தன் கைக்கு எட்டாத இடத்தில் தள்ளி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.