கோடு விழுந்த கல்

முப்பத்திரண்டு வருஷமா கல்லுக்குப் பட்டை தீட்டுறேன். நான் தீட்டின கல்லைப் பார்த்து ஒருத்தங்க அழுதது ஒரே ஒரு தடவைதான். அதுவும் சந்தோஷத்துல இல்லை.

அவங்க பேரு மாலதி. வீடு ஸ்ரீரங்கம், புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை. திருச்சி எடமலைப்பட்டி புதூர்ல எங்க வீட்டு முன்ரூம்தான் என் பட்டறை. அங்க பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து, நான் தீட்டிக் குடுத்த ரெண்டு கல்லையும் உள்ளங்கையில வெச்சுக்கிட்டு பொலபொலன்னு கண்ணீர் விடறாங்க. ரெண்டும் ஓவல். உள்ளே ஒரு புள்ளி கிடையாது. அளந்து பார்த்தா அரை மில்லி வித்தியாசம் வராது. எனக்கு ஒண்ணுமே விளங்கலை. "ஏம்மா, எங்கயாவது தெறிச்சிருக்கா?"ன்னு லென்ஸை எடுத்தேன்.

"கோடு எங்கக்கா?"

"எந்தக் கோடு?"

"கல்லுல இருந்துச்சே, செவப்பு செவப்பா..."

"அதுவா? அதை அப்பவே வெட்டித் தள்ளிட்டேனே!" பெருமையா வேற சொன்னேன். அடக் கடவுளே, என் வாய்க்கு ஒரு பூட்டு போட்டிருக்கலாம்.

நான் ஏன் வெட்டினேன்

இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு இதைச் சொல்லியாகணும். நாங்க தீட்டுறது ஃபேக்டரியில செஞ்சு வர்ற கல்லு. கம்மல்ல, மூக்குத்தியில வைரம் மாதிரி மின்னுதே, அது. அதுல கோடு தெரிஞ்சா உள்ளே வெடிப்புன்னு அர்த்தம். சாணையில வெச்சா தெறிச்சிடும். நான் சேர்ந்த முதல் வாரத்துலயே முதலாளி சொன்னது, "கோட்டைப் பார்த்தா யோசிக்காதே, வெட்டி எறி." நானும் யோசிச்சதில்லை.

மாலதி கொண்டாந்த கல்லு வேற சாதி. பார்க்க அடுப்புல சுட்ட உருளைக்கிழங்கு மாதிரி இருந்துச்சு. "குஜராத்துல என் தங்கச்சி சுதா இருக்கா. அங்க கடற்கரையில எடுத்தோம், அகேட்டுங்கிற கல்லுன்னு சொன்னாங்க"ன்னாங்க. அலையில நனைஞ்சப்போ பளபளன்னு இருந்துச்சாம், வீட்டுக்குக் கொண்டாந்து காஞ்சதும் மங்கிப் போச்சாம். "ரெண்டா வெட்டி பாலிஷ் பண்ணிக் குடுங்கக்கா. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். ஆளுக்கு ஒண்ணு டாலர் கட்டிப் போட்டுக்கப் போறோம். வைகுண்ட ஏகாதசிக்கு அவ வர்றா."

நான் கல்லைத் தண்ணியில நனைச்சுப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க வரி வரியா செவப்புக் கோடு. மிச்சம் புகை நிறத்துல சுத்தமா இருந்துச்சு. கை தன்னால போச்சு. கோடு போட்ட பக்கத்தை வெட்டி வேஸ்ட் டப்பாவுல போட்டுட்டு, சுத்தமான பாகத்துல ஜோடி எடுத்தேன். ஒரே மாதிரின்னு கேட்டாங்களா, அச்சு அசலா ஒரே மாதிரி.

மாலதி மூக்கை உறிஞ்சிக்கிட்டே விஷயத்தைச் சொன்னாங்க. அவங்க அப்பா சீரியஸா கிடந்தப்போ சுதா நிறைமாசம். பயந்துடுவாளேன்னு மாலதி மறைச்சிட்டாங்க. கடைசியா அப்பா முகத்தைக்கூட அந்தப் பொண்ணு பார்க்கலை. நாலு வருஷம் அக்காகிட்ட பேசலை. கூப்பிடாமலே இவங்க குஜராத் போயிருக்காங்க. பீச்சுல ரெண்டு பேரும் வாயைத் திறக்காம நடந்துக்கிட்டு இருந்தவங்க, ஒரே கல்லை எடுக்க ஒரே நேரத்துல குனிஞ்சு தலையை முட்டிக்கிட்டாங்களாம்.

"அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் குனிஞ்சோம். ரெண்டு துண்டுலயும் அதே கோடு வரணும்னு அவதான் ஆசையா சொன்னா. இப்ப நான் போய் என்னன்னு சொல்வேன்? மறுபடியும் நானே ஏதோ பண்ணிட்டேன்னு நினைப்பா."

சட்டுனு எழுந்தேன். வேஸ்ட் டப்பாவை எடுத்தேன். காலி.

வாசல்ல தோண்டினது

"என்னங்க! இந்த டப்பாவுல இருந்ததை எங்க கொட்டினீங்க?"

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ரிட்டயர் ஆனவர். சும்மா உட்கார மாட்டார். "வாசல் கேட்டுக்கிட்ட தண்ணி நிக்குதுன்னு நீதானே காலையில கத்தினே? பள்ளத்துல கொட்டி மேல மண்ணைப் போட்டு மிதிச்சிட்டேன்."

மிதிச்சாச்சாம்! நான் தலையில அடிச்சுக்கிட்டேன். மாலதி புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு வாசல்ல உட்கார்ந்துட்டாங்க. அவர் மண்வெட்டியால கொத்த, நாங்க ரெண்டு பேரும் மாவு சல்லடையில சலிச்சோம். தெருவுல போறவங்க எல்லாம் "என்ன, தங்கம் தொலைஞ்சுதா?"ன்னு கேட்டாங்க. கல்லுன்னு சொன்னா சிரிப்பாங்கன்னு ஆமான்னுட்டேன்.

கடைசியில கோடு போட்ட அந்தத் துண்டு சல்லடையில வந்துச்சு. கட்டைவிரல் பருமன்தான். மண்வெட்டி பட்டு ஒரு மூலை போயிருந்துச்சு.

அதைக் கையில வெச்சுக்கிட்டு நான் முழிச்ச முழி இருக்கே! ஒரே வெட்டுதான் வெட்ட முடியும். எப்படி வெட்டினா கோடு ரெண்டு பக்கமும் வரும்? முப்பத்திரண்டு வருஷ அனுபவத்துல கோட்டைக் காப்பாத்த எனக்குத் தெரியலை. வெக்கத்தை விட்டு மாலதிகிட்டயே பேனாவைக் குடுத்தேன். அவங்க செவப்புக் கோட்டுக்குக் குறுக்கே பேனாவால ஒரு கோடு போட்டாங்க. அதுமேலயே ப்ளேடை விட்டேன்.

வெட்டி, பாலிஷ் போட்டு, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ஒண்ணுல கோடு இடப்பக்கம் வளையுது, இன்னொண்ணுல வலப்பக்கம். "ஐயோ, ஒரே மாதிரி வரலையேம்மா!"

மாலதி ரெண்டையும் நெருக்கி வெச்சாங்க. விரிச்ச புஸ்தகம் மாதிரி கோடு இதுல கிளம்பி அதுல போய் முடிஞ்சுது. "இதுதான்க்கா"ன்னு சிரிச்சாங்க. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

ஏகாதசிக்கு மறுநாள் அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் டாலரைப் போட்டுக்கிட்டு வந்து எனக்குக் காட்டினாங்க. கோடு சேரணும்னா யார் எந்தப் பக்கம் நிக்கணும்னு என் வாசல்லயே ஒரு சண்டை. "நீ இந்தப் பக்கம் வாடி." "எப்பவும் நீ சொல்றதைத்தான் நான் கேக்கணுமா?" சொல்லிட்டு அந்தப் பொண்ணு, அக்கா பக்கம் நகர்ந்து நின்னுது. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

இப்பெல்லாம் யார் கல்லு கொண்டாந்தாலும் முதல்ல தண்ணியில நனைச்சு, கையில ஸ்கெட்ச் பேனாவைக் குடுத்துடுவேன். "இதுல உங்களுக்கு எது வேணுமோ அதைச் சுத்தி வட்டம் போடுங்க." அப்புறம்தான் வெட்டு. நீங்களும் அப்படியே செய்யுங்க.

அந்த ரெண்டு ஓவலை அவங்க வாங்கிக்கலை. என் டிராயர்லதான் கிடக்கு. அப்பப்ப எடுத்துப் பார்ப்பேன். நல்லாத்தான் தீட்டியிருக்கேன். யாருக்காகத் தீட்டினேன்னுதான் இன்னும் புரியலை.